முதல் தனிச் சந்திப்புக்கு ஹோட்டல் மதுக்கூடம்: கோலாலம்பூரில் எங்கே அழைத்துச் செல்லலாம்?

கிள்ளான்_வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது இருபத்தொன்பது. கிள்ளானில் குடியிருக்கிறேன், ஷா ஆலமில் பொறியாளராக வேலை செய்கிறேன். நண்பரின் திருமணத்தில் அறிமுகமான ஒரு பெண்ணுடன் மூன்று மாதங்களாகப் பேசிப் பழகி வருகிறேன். இதுவரை சந்தித்த போதெல்லாம் எங்களுடன் நண்பர்கள் இருந்தார்கள்; அதுவும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலோ மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக்கடையிலோதான். அடுத்த மாதம் முதன்முறையாக நாங்கள் இருவர் மட்டும் வெளியே போகிறோம். நல்லதொரு ஹோட்டலின் மதுக்கூடத்தில் அமர்ந்து நிதானமாகப் பேச வேண்டும் என்ற ஆசை தனக்கு உண்டு என்று அவர் ஒரு முறை சொன்னதை நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

எனக்கு அப்படிப்பட்ட இடங்களில் பழக்கம் இல்லை. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் தெரியும்படி உயரமான இடமாக இருந்தால் அவருக்குப் பிடிக்கும் என்று எண்ணி, டிரேடர்ஸ் ஹோட்டலின் 33-ஆவது மாடியில் உள்ள ஸ்கைபார், பான்யான் ட்ரீயின் உச்சியில் உள்ள வெர்டிகோ, ஈக்யூ ஹோட்டலின் மேல்தளம் ஆகிய மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். 350 வெள்ளி (ரிங்கிட்) வரை செலவு செய்ய முடியும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செராஸ்_கணக்காளர் எழுதியது:

நீங்கள் குறித்து வைத்த மூன்று இடங்களிலும் காட்சி அருமையாக இருக்கும். கேஎல்சிசி பூங்காவுக்கு அப்பால், 452 மீட்டர் உயரக் கோபுரங்கள் நேர் எதிரே ஒளிர்வதை ஸ்கைபாரிலிருந்து பார்க்கும்போது, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் ஒரு கணம் பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் மழையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பர் மாதங்களிலும் இங்கே மாலை நேரத்து இடிமழை ஏறக்குறைய அன்றாட வழக்கம். திறந்த மொட்டைமாடி என்றால், மின்னல் வெட்டத் தொடங்கியதும் எல்லாரையும் உள்ளே அனுப்பிவிடுவார்கள்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஒரு காக்டெயில் ஐம்பது வெள்ளியை ஒட்டியோ அதற்குச் சற்று மேலாகவோ இருக்கும். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளைக் கண்டால், சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் சேவை வரி 6 விழுக்காடும் தனியே சேரும் என்று பொருள். ஒருவருக்கு இரண்டு கோப்பை வீதம் நான்கு கோப்பைகள், ஒன்று 55 வெள்ளி என்றால் 220. கொறிக்க ஏதாவது 60 வெள்ளிக்கு வாங்கினால் 280. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 325 வெள்ளி ஆகும். உங்கள் தொகை போதும். ஆனால் மூன்றாவது சுற்றுக்கு இடமில்லை.

காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இரத்தத்தில் மது இருக்கக்கூடிய அளவு 2020-இல் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. இரண்டு கோப்பைகளுக்குப் பிறகு அந்த எல்லைக்குள் இருக்கிறோமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மாலைக்காற்று எழுதியது:

தம்பி, ஒரு பெண்ணாக என் கருத்தைச் சொல்கிறேன். உங்களிடம் அவர் சொன்னதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "நிதானமாகப் பேச வேண்டும்" என்றுதான் சொல்லியிருக்கிறார். உயரமான இடம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னை மொட்டைமாடி மதுக்கூடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். பெயர் வேண்டாம். இரவு ஒன்பதரைக்கு நேரம் குறித்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இசை உச்சத்தில் இருந்தது. எங்களுக்குக் கிடைத்த உயரமான நாற்காலிகளில் சாய்மானம் இல்லை. புடவையில் வந்திருந்த நான், ஏறி உட்காரவே சிரமப்பட்டேன். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை, நான் பேசியது அவருக்கும் கேட்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை கத்திச் சொல்லிச் சொல்லி, கடைசியில் இருவரும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தோம். நல்ல மனிதர்தான் என்று பிறகு பலர் சொல்லக் கேள்விப்பட்டேன். ஆனால் அன்று வீடு திரும்பியபோது அவர் என்ன வேலை செய்கிறார் என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. இரண்டாம் முறை சந்திக்க இருவருக்குமே தோன்றவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே காட்சியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முதலில் காது, அடுத்து இருக்கை, அதற்குப் பிறகு அவர் வீடு திரும்பும் வழி ஆகியவற்றைப் பாருங்கள். எந்த இடம் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி, வசதியாக இருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்படி உடுத்திக்கொள்வது, யாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவது, எத்தனை மணிக்குள் திரும்புவது என்று ஒரு பெண் யோசிக்க வேண்டியவை நிறைய உண்டு. இடத்தைத் திடீரென்று அறிவித்து வியப்பூட்டுவது படத்தில் அழகாக இருக்கலாம். நடைமுறையில் அது அவருக்குச் சங்கடத்தைத்தான் தரும்.

பழைய_பார்மேன் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் கோலாலம்பூர் ஹோட்டல்களின் மதுக்கூடங்களில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1981-இல் கோப்பை துடைக்கும் பையனாகச் சேர்ந்தேன். முதன்முறையாகச் சந்திக்கும் இணைகளை மது பரிமாறும் என் மேடைக்கு இந்தப் பக்கம் நின்று நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மாலைக்காற்று அம்மா சொன்னது முழுக்க உண்மை. பழைய பாணி ஹோட்டல் மதுக்கூடம் ஏன் அமைதியாக இருக்கிறது என்று கேட்டால், அதன் தரையிலும் சுவரிலும் பதில் இருக்கிறது. கனமான தரைவிரிப்பு, துணித் திரைச்சீலை, மெத்தை வைத்த இருக்கை, புத்தக அலமாரி ஆகிய எல்லாம் ஒலியை உள்வாங்கிக்கொள்ளும். பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவரும் வெறும் கான்கிரீட் கூரையும் கொண்ட இடத்தில் ஒவ்வொரு சிரிப்பும் திரும்பி வந்து மோதும்; அதனால் எல்லாரும் குரலை உயர்த்துவார்கள்; அதனால் இரைச்சல் இன்னும் ஏறும். இடத்தை முன்கூட்டி ஒரு நாள் தனியாகப் போய்ப் பார்க்க முடிந்தால், கையை ஒரு முறை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஓசை உடனே அடங்கினால் பேசுவதற்கு ஏற்ற இடம்.

நேரம் மிக முக்கியம். ஆறரை மணிக்குப் போய்விடுங்கள். 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியதிலிருந்து நமக்குச் சூரியன் மறைவது ஏழு மணியை ஒட்டியோ அதற்கு மேலோதான். ஆறரைக்கு உள்ளே நுழைந்தால் வெளிச்சத்தில் அமர்ந்து, பேசிக்கொண்டே இருக்கும்போது நகரம் விளக்கேற்றிக்கொள்வதைப் பார்க்கலாம். பெரும்பாலான இடங்களில் பாடகரோ டிஜேயோ ஒன்பது மணியை ஒட்டித்தான் தொடங்குவார்கள். அதற்குள் உங்களுக்கு இரண்டரை மணி நேரம் கிடைக்கும்.

இருக்கை பற்றி ஒரு வார்த்தை. மேசைக்கு இருபுறமும் நேருக்கு நேர் அமர்ந்தால், நேர்முகத் தேர்வு போல ஆகிவிடும். மேடையை ஒட்டி வரிசையாக அமர்ந்தால் கழுத்து வலிக்கும். மேடை முடியும் மூலை இருக்கிறதே, அங்கே ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் அடுத்த பக்கமுமாக மூலைவாட்டில் அமர்ந்தால், பேசும்போது முகத்தைப் பார்க்கலாம், பேச்சு ஓய்ந்தால் பார்டெண்டரின் கை வேலையைப் பார்க்கலாம். மௌனம் அங்கே சங்கடமாகத் தெரியாது. உயர நாற்காலி அவருக்கு வசதிப்படாது என்றால் மூலைச் சோபாவைக் கேளுங்கள். தொலைபேசியில் முன்பதிவு செய்யும்போதே, "அமைதியான மூலை, இருவர், முதல் சந்திப்பு" என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அந்தச் சொற்களைக் கேட்டால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் தனிக் கவனம் எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

என்ன குடிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. உலகம் முழுவதும் பெயர் பெற்ற ஒரு காக்டெயில் இந்தக் கோலாலம்பூரில், ஒரு ஹோட்டல் மதுக்கூடத்தில் பிறந்தது. அதன் பெயர் ஜங்கிள் பேர்ட். 1973-இல் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் திறக்கப்பட்ட கோலாலம்பூர் ஹில்டனில் ஏவியரி பார் இருந்தது. அங்கே அமர்ந்தால் கண்ணாடிக்கு அப்பால் பறவைகளைப் பார்க்கலாம். அந்த மதுக்கூடத்தில் ஜெஃப்ரி ஓங் என்பவர், விருந்தினர்களுக்கான வரவேற்புப் பானமாக இதை உருவாக்கினார். கருநிற ரம், காம்பாரி என்னும் இத்தாலியக் கசப்பு மது, அன்னாசிச் சாறு, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, அவ்வளவுதான். 1989-இல் அமெரிக்கக் கையேடு ஒன்றில் அச்சேறிய பிறகுதான் வெளியுலகம் அதைத் தெரிந்துகொண்டது. நியூயார்க்கிலும் லண்டனிலும் அதைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ அது நம் ஊர்ச் சரக்கு என்று தெரியவில்லை. அந்த ஹில்டன் கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது. இப்போது கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே இருக்கும் ஹில்டன் வேறு கட்டடம். அந்தப் பழைய இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். நான் அங்கே வேலை செய்தவன் அல்லன். என்றாலும் என் மூத்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் இல்லாவிட்டாலும் கேளுங்கள். நல்ல மதுக்கூடம் எதிலும் இந்த ஐந்து பொருள்கள் இருக்கும்.

தோட்டத்துப்_பிள்ளை எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் மது அருந்துவதில்லை. அருந்துபவர்களைக் குறை சொல்லவும் வரவில்லை. ஆனால் நம் வீடுகளில் மது என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை அண்ணன் மறந்துவிடக் கூடாது.

என் பாட்டி காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சம்பள நாளில் தாத்தாவைக் கள்ளுக்கடை வாசலிலிருந்து கூட்டிவர அம்மாவைத்தான் அனுப்புவாராம். அப்போது அம்மாவுக்கு எட்டு வயது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், கூலி உயர்வோடும், துரைமார் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையோடும் சேர்த்து, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. குடியால் குடும்பங்கள் எப்படிச் சிதைந்தன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் அம்மா இன்றுவரை குடித்தவர்கள் இருக்கும் அறையில் அமர மாட்டார்.

அந்தப் பெண்ணின் வீட்டில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. ஹோட்டல் மதுக்கூடத்தில் அமர ஆசை என்று அவர் சொன்னதால் மது அருந்துவார் என்று முடிவு செய்யாதீர்கள். அந்த இடத்தின் அழகுக்காகவும் அமைதிக்காகவும்கூட ஆசைப்பட்டிருக்கலாம்.

பழைய_பார்மேன் எழுதியது:

தங்கையின் கடிதத்தைப் படித்துக் கண் கலங்கியது. என் தகப்பனாரும் கள்ளுக்கடையில் சம்பளத்தைத் தொலைத்தவர்தான். நான் இந்தத் தொழிலில் சேர்ந்தபோது என் அம்மா இரண்டு ஆண்டுகள் என்னோடு சரியாகப் பேசவில்லை. குடிக்க வைப்பது என் வேலையன்று, வந்தவர்களை மரியாதையாக உட்கார வைப்பதுதான் என் வேலை என்று அவருக்குப் புரிய வைக்க அவ்வளவு காலம் ஆயிற்று.

தம்பி, மது அருந்தாத ஒருவர் என் மேடைக்கு வந்தால் அவரைத் தனிமைப்படுத்திவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். துணைக்கு அழகான கோப்பையில் காக்டெயிலும் இவருக்கு நீளமான கிளாஸில் ஆரஞ்சுச் சாறும் வைத்தால், அடுத்த மேசைவரை தெரியும். ஆகவே ஒரே வகைக் கோப்பை, ஒரே வகை ஐஸ், ஒரே வகை அலங்காரம். புளிப்பு, இனிப்பு, கசப்பு மூன்றும் இருந்தால் மது இல்லாமலே பானத்துக்குக் கனம் கிடைத்துவிடும். நம் ஊரில் அதற்குப் பொருள்களுக்கா பஞ்சம்? அசாம் போய் என்னும் புளிப்பு உலர்பழம், கலமான்சி என்னும் குட்டி எலுமிச்சை, இஞ்சிப் பூ, பாண்டான் இலை, எலுமிச்சைப்புல், பனைவெல்லம் என்று எத்தனையோ இருக்கின்றன.

ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலில் பார் ட்ரிகோனா என்று ஒரு மதுக்கூடம் இருக்கிறது. ட்ரிகோனா என்பது கொட்டாத சிறு தேனீ இனத்தின் பெயர். மலாயில் கெலுலுட் என்பார்கள். அதன் தேனை நம் முன்னோர் கொசுத்தேன் என்றார்கள். சாதாரணத் தேனைவிட நீர்த்து, புளிப்பு ஏறியிருக்கும். அந்தத் தேனையும் உள்ளூர் விளைபொருள்களையும் மையமாக வைத்தே அந்த மதுக்கூடம் பேர் வாங்கியது. அருந்துபவரும் அருந்தாதவரும் ஒரே தேனைச் சுவைத்துப் பேச அங்கே வழி உண்டு.

இன்னொன்று. அவர் மது வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்காதீர்கள். நீங்களும் முதல் கோப்பையை மது இல்லாமல் வாங்குங்கள்.

தஞ்சோங்_பூங்கா எழுதியது:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். முதல் சந்திப்புக்கு இங்கே வரச் சொல்வது பொருந்தாது; எங்கள் ஊரை நீங்கள் பிறகு வரவேண்டிய இடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ் டவுனின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலை 1880-களில் தொடங்கியவர்கள் ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ், ரங்கூனின் ஸ்டிராண்ட் ஆகியவையும் அவர்கள் உருவாக்கியவையே. அந்த ஹோட்டலின் ஃபார்கூவார்ஸ் பார், மரவேலைப்பாடும் தோல் இருக்கையுமாக, பார்மேன் ஐயா சொன்ன ஒலி அடங்கும் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. வெளியே கடற்சுவரை ஒட்டிப் புல்வெளி. வானம் தெளிவாக இருக்கும் மாலையில் நீரிணைக்கு அப்பால் கெடாவின் குனோங் ஜெராய் நீலமாகத் தெரியும். ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் அந்த மலையடிவாரத்தில்தான் இருந்தது என்பதை என் மனைவியிடம் முதன்முதலில் நான் சொன்னது அந்தச் சுவரருகே நின்றுதான். வரலாற்று ஆசிரியையான அவர், நான் சொன்ன ஆண்டைத் திருத்தினார். இன்றும் ஒவ்வொரு திருமண நாளன்றும் அங்கே போகிறோம். நாங்கள் இருவரும் மது அருந்துவதில்லை; ஒரு முறைகூட அது குறையாகத் தெரிந்ததில்லை.

கிள்ளான்_வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தோட்டத்துப்_பிள்ளை எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பெண்ணிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன். எப்போதாவது ஒரு கோப்பை அருந்துவாராம்; ஆனால் வீட்டில் தெரிய வேண்டாம் என்றார். மொட்டைமாடி தனக்குத் தலைசுற்றும் என்றும் சொன்னார். நல்ல வேளை, கேட்டேன்.

மெஜஸ்டிக் ஹோட்டல் எப்படி இருக்கும்? கிள்ளானிலிருந்து கம்யூட்டர் ரயிலில் பழைய கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது.

செராஸ்_கணக்காளர் எழுதியது:

மிகச் சரியான தேர்வு. 1932-இல் திறந்த ஹோட்டல். 1984 முதல் 1998 வரை தேசிய ஓவியக்கூடமாக இருந்தது. பள்ளிச் சுற்றுலாவில் அங்கே ஓவியம் பார்க்கப் போனவன் நான். 2012-இல் மறுபடி ஹோட்டலாகத் திறந்தபோது பழைய கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டார்களே என்று மனம் குளிர்ந்தது. பழைய பகுதியிலேயே இடம் கேளுங்கள். பின்னால் எழுப்பிய கோபுரப் பகுதியில் வேண்டாம். அரைக்கால் சட்டையும் சிலிப்பரும் தவிர்த்து, முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியுமாகப் போங்கள்.

மாலைக்காற்று எழுதியது:

அவர் திரும்பிச் செல்ல கிராப் வாடகை வண்டியை நீங்களே அழைத்து, அவர் வீட்டை அடைந்தாரா என்று கேட்ட பிறகு ரயிலேறுங்கள்.

கிள்ளான்_வாசி எழுதியது:

நேற்று மாலை போய்வந்தோம். முன்பதிவில் ஐயா சொன்னபடியே சொன்னேன். மூலைச் சோபா கொடுத்தார்கள். இருவரும் முதலில் இஞ்சியும் கலமான்சியும் சேர்த்த, மது இல்லாத பானம் வாங்கினோம். மழை கொட்டியது, உள்ளே இருந்ததால் அது சன்னல் வழியே பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவதாக ஒரே ஒரு ஜங்கிள் பேர்ட் கேட்டோம். பட்டியலில் இல்லை, ஆனால் பார்டெண்டர் பெயரைக் கேட்டதுமே முகம் மலர்ந்து செய்து தந்தார். அதன் கதையைச் சொன்னேன். தன் தாத்தா ஓர் ஹோட்டலில் சமையல்காரராக இருந்தவர் என்று என்னுடன் வந்தவர் சொல்லத் தொடங்கி, அதற்கு மேல் அவருடைய குடும்பத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம். மொத்தச் செலவு 200 வெள்ளிக்குள் முடிந்தது. எட்டே முக்காலுக்கு அவருக்கு வண்டி வந்தது.

ஐயாவிடம் அவர் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பானத்தின் மேல் விரல் அளவுக்கு வெண்மையான நுரை நின்றதே, அதில் முட்டை வெள்ளைக்கரு சேர்ந்திருக்குமா? அவர் வெள்ளிக்கிழமைகளில் சைவம்.

பழைய_பார்மேன் எழுதியது:

முட்டை இல்லை, தம்பி. அது அன்னாசியின் நுரை. புதிதாகப் பிழிந்த சாற்றை ஐஸுடன் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு விநாடி பலமாகக் குலுக்கினால் அப்படி எழும். டப்பாச் சாற்றில் அந்த அளவுக்கு எழாது. நுரை நின்றிருக்கிறது என்றால் உங்களுக்காக அன்னாசியை அப்போதே பிழிந்திருக்கிறார்கள். பழைய குறிப்பில் சாறு 120 மில்லிலிட்டர் வரை இருந்தது. இப்போது பலரும் 45-தான் ஊற்றுகிறார்கள். அடுத்த முறை சாற்றைக் கூட்டி ஊற்றச் சொல்லுங்கள். கசப்பு தணியும், அவருக்கும் இன்னும் பிடிக்கும்.